ரைஸ் குக்கரில் ஓட்ஸ் கஞ்சி: பொங்காமலும் அடிப்பிடிக்காமலும் வைக்க என்ன வழி?

நொய்யல்கரை (திருப்பூர்) கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நான் திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் வேலை பார்த்துக்கொண்டு, அவிநாசி சாலைப் பக்கம் ஓர் அறையில் தனியாகத் தங்கியிருக்கிறேன். அறைக்குள் காஸ் அடுப்பு வைக்கக் கூடாது என்று வீட்டுக்காரர் முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிட்டார். அதனால் ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய ஒரு லிட்டர் கரண்ட் குக்கர் ஒன்றுதான் என் சமையலறை. சோறு, பருப்பு, முட்டை வேகவைப்பது, இரவில் ரவை உப்புமா என்று எல்லாவற்றுக்கும் அது ஈடுகொடுக்கிறது. ஓட்ஸ் ஒன்றுக்குத்தான் ஒத்துவர மறுக்கிறது.

நிறுவனத்தில் நடந்த மருத்துவ முகாமில் எனக்குக் கொழுப்பு அளவு சற்று மிகுந்திருப்பதாகச் சொல்லி, காலை உணவாக ஓட்ஸ் கஞ்சி குடிக்கும்படி மருத்துவர் அறிவுறுத்தினார். கடையில் கிடைக்கும் தட்டையான ஓட்ஸைப் பாலும் தண்ணீரும் சரிபாதி கலந்து குக்கரில் போட்டு சுவிட்சை அழுத்தினால், நான் பல் துலக்கிவிட்டு வருவதற்குள் மூடியின் ஆவித்துளை வழியாக நுரை பொங்கி, குக்கரின் உடம்பெல்லாம் வழிந்து, மேசை வரை ஓடியிருக்கிறது. தண்ணீரைக் குறைத்து வைத்தாலோ, மேலே இன்னும் நீர் நிற்கும்போதே சுவிட்ச் 'டக்' என்று வார்முக்கு, அதாவது சூட்டை மட்டும் காக்கும் நிலைக்கு, ஏறிவிடுகிறது. திறந்து பார்த்தால் மேலே பச்சைத்தண்ணீர், நடுவே அரைவேக்காடு, அடியில் பழுப்பேறிய காந்தல். சோற்றுக்கு மிகச் சரியாக நிற்கிற அதே சுவிட்ச் ஓட்ஸுக்கு மட்டும் ஏன் இப்படித் தடுமாறுகிறது என்பது எனக்கு விளங்கவில்லை.

என் கேள்விகள் இவைதாம். ரைஸ் குக்கரில் ஓட்ஸ் வைக்க உண்மையிலேயே முடியுமா, அல்லது அதற்கென்று இண்டக்ஷன் அடுப்பு ஒன்று வாங்கித்தான் ஆகவேண்டுமா? தண்ணீர் அளவு என்ன? ஸ்டீல்கட் ஓட்ஸ் என்று குறுநொய்யைப் போல ஒன்று விற்கிறார்களே, அதற்கும் இதே முறைதானா? தினமும் இனிப்பாகக் குடிக்க எனக்கு மனம் வராது என்பதால், காரமாகச் செய்வதற்கும் யாராவது வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஆழியாற்றுக்காரி (பொள்ளாச்சி) எழுதுகிறார்:

வணக்கம் தம்பி. இண்டக்ஷன் அடுப்பு வாங்கவேண்டிய அவசியமே இல்லை. எங்கள் வீட்டில் காலை ஓட்ஸ் முழுவதும் ரைஸ் குக்கரில்தான் வேகிறது. ஆனால், சோற்றுக்குச் செய்வதைப் போல சுவிட்சை அழுத்திவிட்டு வேறு வேலைக்குப் போகிற சௌகரியத்தை ஓட்ஸுக்கு எதிர்பார்க்கக் கூடாது.

முதலில் பாலை விட்டுவிடுங்கள். பால் கூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. வேகும்போது சேர்க்கக் கூடாது என்றுதான் சொல்கிறேன். பால் தனியாகக் காய்ந்தாலே பொங்குகிற பொருள்; ஓட்ஸோ வெந்நீரில் விழுந்ததும் வழுவழுப்பான கூழ்த்தன்மையை இறக்கிவிடுகிறது. அந்தக் கூழுக்குள் அகப்பட்ட ஆவிக்குமிழ்கள் மேலே வந்தும் உடையாமல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு ஏறுவதைத்தான் நீங்கள் பொங்குவதாகப் பார்க்கிறீர்கள். பாலில் உள்ள புரதம் அந்த நுரையை இன்னும் கெட்டிப்படுத்துவதோடு, அடியில் படிந்து கருகவும் செய்கிறது. ஆகவே தண்ணீரில் மட்டும் வேகவைத்து, இறக்கிய பிறகு காய்ச்சிய பாலை ஊற்றிக் கலந்துகொள்ளுங்கள். சுவையில் குறை தெரியாது. சொல்லப்போனால் பாலின் மணம் கெடாமல் இருக்கும்.

அடுத்தது அளவு. குக்கருடன் வருகிற பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மில்லி கொள்ளும். நம் பழைய ஆழாக்கு அளவுக்கு நெருங்கியது. அதில் தட்டை ஓட்ஸைத் தளரப் போட்டால் ஏறத்தாழ 60 கிராம்தான் நிற்கும். ஸ்டீல்கட் ஓட்ஸை அதே கப்பில் போட்டால் அதைப்போல இரண்டு மடங்கு எடை இருக்கும். கப் கணக்கை மட்டும் பார்த்து இரண்டுக்கும் ஒரே தண்ணீர் வைப்பவர்களுக்கு ஒன்று கஞ்சியாகவும் மற்றொன்று கல்லாகவும் வருவது இதனால்தான். தட்டை ஓட்ஸ் ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர், ஸ்டீல்கட் ஒரு பங்குக்கு நான்கு பங்கு தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வகையானாலும் ஓட்ஸும் தண்ணீரும் சேர்ந்து பாத்திரத்தின் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. உங்கள் குக்கர் ஒரு லிட்டர் என்பதால், ஒருவருக்கு உரிய அரை கப் தட்டை ஓட்ஸுக்கு மேல் அதில் நேரடியாக வேகவைக்க முயலவேண்டாம்.

தண்ணீரை முதலில் தனியாகக் கொதிக்கவிட்டு, கொதி வந்த பிறகு ஓட்ஸைத் தூவி, ஒரு சிட்டிகை உப்பும் அரை டீஸ்பூன் நெய்யும் சேர்த்து ஒருமுறை கிளறிவிடுங்கள். நெய் மணத்துக்காக மட்டும் அல்ல. மேலே படரும் எண்ணெய்ப்பசை நுரையின் தோலை உடைத்துவிடும். மூடியை முழுவதும் மூடாமல், விளிம்பில் ஒரு மரக்கரண்டியைக் குறுக்கே வைத்து அதன்மேல் சாய்த்து வையுங்கள். தட்டை ஓட்ஸ் என்றால் ஐந்தாறு நிமிடத்தில் நடுவே எரிமலை வாய்போலப் பொத்துப் பொத்தென்று குமிழ் வெடிக்கத் தொடங்கும். அப்போதே சுவிட்சைக் கையால் மேலே தூக்கி வார்முக்கு மாற்றி, மூடியை முழுவதும் மூடிப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். மீதி வேக்காடு அந்தச் சூட்டிலேயே நடந்து முடியும். சுவிட்ச் தானாக ஏறட்டும் என்று காத்திருந்தால் காந்தல் நிச்சயம்.

இனிப்புக்கு நாட்டுச்சர்க்கரை சேர்ப்பதாக இருந்தால், கஞ்சி சற்று ஆறிய பிறகு கலந்துகொள்ளுங்கள். கொதிக்கிற பாலில் வெல்லமோ நாட்டுச்சர்க்கரையோ விழுந்தால் பால் திரிந்துபோக வாய்ப்பு உண்டு. கவுந்தப்பாடிச் சர்க்கரை எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். பழநிப் பஞ்சாமிர்தத்துக்குப் போகிற சர்க்கரை அது. கொழுப்பைக் குறைப்பதற்காகக் குடிக்கிற கஞ்சியில் அதை அள்ளிக்கொட்டுவதில் பொருள் இல்லை என்பதையும் சொல்லியாகவேண்டும். கனிந்த கதலிப்பழம் ஒன்றைப் பிசைந்து போட்டால் சர்க்கரையே தேவைப்படாது.

நொய்யல்கரை:

மிக்க நன்றி அக்கா. பாலைப் பற்றிச் சொன்னது தெளிவாகப் புரிந்தது. ஆனால் பக்கத்திலேயே நின்று கவனிக்கவேண்டும் என்பதுதான் எனக்குச் சிக்கல். காலை ஏழரைக்குள் குளித்து, துணி துவைத்துப் போட்டு, கம்பெனி வண்டியைப் பிடிக்கவேண்டும். சுவிட்ச் தானாக நிற்கும்படி ஓட்ஸை வைக்க வழியே கிடையாதா? இரவிலேயே எல்லாவற்றையும் ஊற்றி வைத்துவிட்டு, காலையில் டைமர் பிளக் மூலம் ஓடவிட முடியுமா?

பீளமேடு ஒர்க்‌ஷாப் (கோவை) எழுதுகிறார்:

வணக்கமுங்க. நான் சமையல்காரன் அல்ல. மிக்ஸி, கிரைண்டர், குக்கர் பழுது பார்ப்பவன். சுவிட்ச் ஏன் தடுமாறுகிறது என்ற உங்கள் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் மற்றவற்றுக்கு வழி தானாகக் கிடைக்கும்.

உள்பாத்திரத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால், சூட்டுத்தட்டின் நடுவில் ஸ்பிரிங் மேல் அமர்ந்த ஒரு வட்டப் பொத்தான் தெரியும். பாத்திரம் அதை அழுத்தியபடிதான் உட்கார்கிறது. அந்தப் பொத்தானுக்குள் ஒரு காந்தமும், காந்தத்தோடு ஒட்டிக்கொள்ளும் ஓர் உலோகக் கலவைத் துண்டும் இருக்கின்றன. நீங்கள் சுவிட்சை அழுத்தும்போது இரண்டும் ஒட்டிக்கொண்டு மின்சாரத்தை ஓடவிடுகின்றன. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அடிப்பாகத்தின் வெப்பம் 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். தட்டு தருகிற சூடெல்லாம் ஆவியாவதற்கே செலவாகிவிடும். தண்ணீரைச் சோறு முழுவதும் உறிஞ்சி முடித்ததும் அடிச்சூடு மளமளவென்று ஏறுகிறது. 100 டிகிரியைச் சற்றே தாண்டிய ஒரு குறிப்பிட்ட சூட்டில் அந்தத் துண்டு தன் காந்த ஈர்ப்பை இழக்க, ஸ்பிரிங் அதைத் தள்ளிவிட்டு சுவிட்சை மேலே ஏற்றுகிறது. ஆக, சோறு வெந்ததா இல்லையா என்பது குக்கருக்குத் தெரியாது. அடியில் தண்ணீர் தீர்ந்ததா என்பது மட்டும்தான் தெரியும்.

அரிசி தனித்தனிப் பருக்கையாக நிற்பதால் அவற்றுக்கு இடையே தண்ணீர் தாராளமாக மேலும் கீழும் சுழன்று வருகிறது. ஓட்ஸ் அப்படி அல்ல. அடியில் உள்ள படலம் முதலில் வெந்து கூழாகி அங்கேயே இறுகிவிட்டால், மேலே நிற்கிற தண்ணீர் கீழே இறங்க முடியாது. அந்தப் படலம் மட்டும் வறண்டு 100 டிகிரியைத் தாண்டுகிறது. குக்கரும் 'தண்ணீர் தீர்ந்துவிட்டது' என்று முடிவு செய்து நின்றுவிடுகிறது. குக்கரில் பழுது எதுவும் இல்லை. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

எனவே, ஓட்ஸில் இருக்கும் தண்ணீரை வைத்துக் குக்கருக்குக் கணக்குச் சொல்லாமல், தனியாக வேறு தண்ணீரை வைத்துக் கணக்குச் சொன்னால் போதும். இட்லித்தட்டு வைப்பதைப் போல உள்பாத்திரத்தின் அடியில் ஓட்டைத் தட்டையோ ஒரு சிறு வளையத்தையோ வைத்து, அதன்மேல் ஓட்ஸும் தண்ணீரும் கலந்த எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து, வெளியே உள்பாத்திரத்தில் தனித்தண்ணீர் ஊற்றி மூடிவிடுங்கள். வெளித்தண்ணீர் வற்றியதும் சுவிட்ச் தானாக ஏறிவிடும். கிண்ணத்தில் இருப்பது ஆவியின் சூட்டில்தான் வேகும் என்பதால் அடிப்பிடிக்க வழியே இல்லை. கிண்ணத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாதவரை பொங்கி வழியவும் செய்யாது.

எவ்வளவு வெளித்தண்ணீர் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கொதிநிலையில் இருக்கும் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 2,260 ஜூல் வெப்பம் வேண்டும். உங்களுடையது 400 வாட் குக்கர் என்று வைத்துக்கொண்டால், நிமிடத்துக்குச் சுமார் 10 மில்லி தண்ணீர் வற்றும். ஒரு கப், அதாவது 180 மில்லி, சூடேறும் நேரத்தையும் சேர்த்து இருபது நிமிடத்துக்குச் சற்று மேல் நிற்கும். தட்டை ஓட்ஸுக்கு அரை கப்பும், ஊறவைக்காத ஸ்டீல்கட் ஓட்ஸுக்கு ஒன்றரை முதல் இரண்டு கப்பும் ஊற்றிப் பார்த்து, உங்கள் குக்கருக்கு ஏற்றபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். குக்கரின் வாட் எவ்வளவு என்பது அடியில் ஒட்டியிருக்கும் தகட்டில் அச்சாகியிருக்கும். கிண்ணத்துக்குள் இருக்கும் தண்ணீர் பெரிதாக வற்றாது என்பதால், அக்கா சொன்ன அளவில் சற்றுக் குறைத்து, தட்டை ஓட்ஸுக்கு இரண்டு பங்கும் ஸ்டீல்கட்டுக்கு மூன்று பங்கும் போதும்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. 1955-இல் ஜப்பானில் தோஷிபா நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் தானியங்கி ரைஸ் குக்கரே இந்த இரட்டைப் பாத்திர முறையில்தான் வேலை செய்தது. வெளிப்பாத்திரத்தில் ஒரு கப் தண்ணீர் ஊற்றுவார்கள். அது வற்ற ஏறத்தாழ இருபது நிமிடம் ஆகும். வற்றியதும் சூடு ஏற, இரட்டை உலோகத் தகடு ஒன்று வளைந்து மின்சாரத்தைத் துண்டிக்கும். காந்தப் பொத்தான் வந்த பிறகுதான் வெளிப்பாத்திரம் தேவையற்றுப் போனது. ஓட்ஸுக்கு மட்டும் நாம் அந்தப் பழைய முறைக்குத் திரும்புகிறோம்.

மின்செலவைப் பற்றியும் கேட்பீர்கள். 400 வாட் குக்கர் அரைமணி நேரம் முழுவதும் ஓடினாலும் 0.2 யூனிட்தான். வீட்டுக்காரர் யூனிட்டுக்கு என்ன விலை போட்டாலும் அது பெரிய தொகையாக வராது.

ஒரு எச்சரிக்கை. இதுவரை பொங்கி வழிந்த கஞ்சி, பொத்தானைச் சுற்றியுள்ள இடுக்கில் இறங்கிக் காய்ந்திருக்கும். பிளக்கைப் பிடுங்கி, நன்றாக ஆறவிட்டு, பொத்தானை விரலால் அழுத்திப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கி ஏறவேண்டும். ஒரே ஒரு காய்ந்த ஓட்ஸ் செதில் பொத்தானுக்கும் பாத்திரத்துக்கும் இடையில் ஒட்டியிருந்தாலும் சூடு சரியாகக் கடத்தப்படாமல் சோறுகூடக் காந்திப்போகும். ஈரத்துணியால் துடையுங்கள், தண்ணீரை நேராக ஊற்றிவிடாதீர்கள். எர்த் பின் இல்லாத இரண்டு கால் பிளக்கை மாட்டிக்கொண்டு வழியவிடுவது உயிருக்கே ஆபத்து.

ஆழியாற்றுக்காரி:

கிண்ண முறை நல்ல யோசனைதான் ஐயா, மறுக்கவில்லை. ஆனால் நேரடியாகக் கிளறி வேகவைத்த கஞ்சியின் குழைவு கிண்ணத்தில் வராது என்பது என் அனுபவம். ஓட்ஸைக் கிளறக் கிளறத்தான் அதன் பசை முழுவதும் தண்ணீரில் இறங்குகிறது. கிளறாமல் வெந்தது கெட்டியாக, சற்று உப்புமாவைப் போல நிற்கும். வேலை நாள்களில் கிண்ணம், ஞாயிற்றுக்கிழமைகளில் நேரடி வேக்காடு என்று தம்பி வைத்துக்கொள்ளட்டும். கிண்ணத்தில் செய்யும்போதும், இறக்கியவுடன் பாலையோ வெந்நீரையோ ஊற்றி அரை நிமிடம் வேகமாகக் கலக்கினால் ஓரளவு குழைந்துவிடும்.

தூரத்து மேகம் (கோவை):

நம் ஊரில் கம்பும் சோளமும் வரகும் விளையும்போது, ஆஸ்திரேலியாவிலிருந்து வருகிற ஓட்ஸுக்காக இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? நம் முன்னோர் கம்மங்கூழ் குடித்துத்தானே நூறு ஆண்டு வாழ்ந்தார்கள்?

காங்கயம் அம்மா எழுதுகிறார்:

கம்பைப் பற்றிக் கேட்டவருக்கு முதலில் ஒரு வார்த்தை. எனக்கும் கம்பஞ்சோறுதான் முதல் விருப்பம். வெயில் காலத்தில் மோரும் சின்ன வெங்காயமும் சேர்த்த கூழுக்கு ஈடாக நான் எதையும் சொல்லமாட்டேன். இந்தியாவில் ஓட்ஸ் பெரும்பாலும் மாட்டுத் தீவனமாகவே பயிராகிறது என்பதும், நாம் சாப்பிடுவதில் பெரும்பகுதி இறக்குமதி என்பதும் உண்மைதான். ஆனால் மருத்துவர் ஓட்ஸை ஏன் சொன்னார் என்பதைப் பார்க்கவேண்டும். ஓட்ஸிலும் பார்லியிலும் பீட்டா குளூக்கன் என்ற கரையும் நார்ச்சத்து மிகுதியாக இருக்கிறது. மேலே பேசப்பட்ட அந்த வழுவழுப்பு அதனால்தான் வருகிறது. குடலில் பித்தநீரோடு சேர்ந்து கொழுப்பை வெளியேற்ற உதவுவதும் அதே பொருள்தான். நாளொன்றுக்கு அது 3 கிராம் உடலில் சேர்ந்தால் கொழுப்பளவு குறைய உதவும் என்ற அடிப்படையில், ஓட்ஸ் பொட்டலங்களில் அதைக் குறிப்பிட்டுக்கொள்ள அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997-இலேயே அனுமதி கொடுத்தது. அந்த 3 கிராமுக்கு ஏறத்தாழ 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். கம்பிலும் ராகியிலும் வேறு நன்மைகள் பல இருக்கின்றன. இந்த ஒரு பொருள் அவற்றில் சொல்லும்படியாக இல்லை. வெளிநாட்டுச் சரக்கு வேண்டாம் என்று நினைப்பவர்கள் மளிகைக்கடையில் கிடைக்கும் பார்லியை உடைத்து இதே கிண்ண முறையில் கஞ்சி வைக்கலாம்.

இனி, தம்பி கேட்ட காரக் கஞ்சி. நம் பக்கத்து அரிசிம்பருப்புச் சாதத்தின் பக்குவத்தையே ஓட்ஸுக்கும் கொண்டுவரலாம். ஆனால் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும்.

ஒன்று, பருப்பு. துவரம்பருப்பு வேகும் நேரத்துக்குத் தட்டை ஓட்ஸ் ஈடுகொடுக்காது. பருப்பு மலர்வதற்குள் ஓட்ஸ் பசையாகிவிடும். திருப்பூரில் போர் தண்ணீரில் சமைப்பவராக இருந்தால் பருப்பு இன்னும் பிடிவாதம் பிடிக்கும். உப்புத்தண்ணீரில் பருப்பு வேகாது என்பது வீட்டுக்கு வீடு தெரிந்ததுதான். ஆகவே ஸ்டீல்கட் ஓட்ஸையும் பாசிப்பருப்பையும் இணை சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் வேகும். அரை கப் ஓட்ஸுக்குக் கால் கப்புக்கும் குறைவான பாசிப்பருப்பைக் கழுவிப் போட்டு, மஞ்சள்தூள், நசுக்கிய பூண்டு இரண்டு பல், சீரகம், மிளகு, கீறிய பச்சைமிளகாய், நறுக்கிய சின்ன வெங்காயம், கறிவேப்பிலை எல்லாவற்றையும் சேர்த்து, ஓட்ஸும் பருப்பும் கூட்டிய அளவுக்கு மூன்றரைப் பங்கு தண்ணீர் ஊற்றி, கிண்ணத்தில் வைத்துவிடுங்கள். வெளித்தண்ணீர் இரண்டு கப் வேண்டும். உப்பைக் கடைசியில் போட்டால் போதும்.

மற்றொன்று, தாளிப்பு. கரண்ட் குக்கரின் வெறும் பாத்திரத்தில் எண்ணெய் ஊற்றித் தாளிக்க முயன்றால், தண்ணீர் இல்லாததால் சூடு உடனே ஏறி, கடுகு வெடிப்பதற்குள் சுவிட்ச் வார்முக்குப் போய்விடும். மறுபடி அழுத்தினாலும் நிற்காது. பொத்தானுக்கு அடியில் எதையாவது சொருகி ஏமாற்றுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது அம்மாவிடம் சொல்லி, கடலெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து ஆறவைத்து ஒரு சிறு பாட்டிலில் வாங்கிவந்துவிடுங்கள். கறிவேப்பிலை ஈரமில்லாமல் மொறுமொறுப்பாகப் பொரிந்திருக்கவேண்டும். ஈரக்கரண்டி படாமல் வைத்திருந்தால் அந்த வாரம் முழுவதும் கெடாது. வெந்த கஞ்சியின்மேல் ஒரு ஸ்பூன் விட்டால் அடுப்படியில் தாளித்த மணம் வரும். மேலே துருவிய தேங்காய் தூவச் சொல்வேன். காங்கயத்துக்காரி தேங்காயை விட்டுக்கொடுப்பேனா? ஆனால் உங்கள் உடல்நிலைக்கு அதைச் சிறிதளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

புளியோ தக்காளியோ சேர்ப்பதாக இருந்தால் அலுமினிய உள்பாத்திரத்தில் நேராகப் போடவேண்டாம். புளிப்பு அலுமினியத்தை அரிக்கும். எவர்சில்வர் கிண்ணமாக இருந்தால் கவலையில்லை. சாப்பிட்டு முடித்ததும் கிண்ணத்தில் பச்சைத்தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஓட்ஸ் காய்ந்தால் கஞ்சிப்பசை போட்ட துணியைப்போல விறைத்துக்கொள்ளும். பிறகு சுரண்டித்தான் எடுக்கவேண்டும்.

பீளமேடு ஒர்க்‌ஷாப்:

டைமர் பிளக் பற்றிக் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் விட்டுவிட்டேன். மின்சார வகையில் அது வேலை செய்யும். கீழே அழுத்துகிற நெம்புகோல் சுவிட்ச் உள்ள சாதாரணக் குக்கராக இருந்தால், மின்சாரம் இல்லாதபோதும் காந்தம் பிடித்துக்கொண்டு சுவிட்ச் கீழேயே நிற்கும். டைமர் ஓடவிட்டதும் சூடேறத் தொடங்கும். 400 வாட் என்பது இரண்டு ஆம்பியருக்கும் குறைவு என்பதால் சாதாரண டைமர் தாங்கும். தொடுபொத்தான் வைத்த டிஜிட்டல் குக்கரில் இது நடக்காது. அவற்றில் பலவற்றில் தாமதத் தொடக்க வசதி ஏற்கெனவே இருக்கும்.

ஆனாலும் தண்ணீரில் போட்ட ஓட்ஸை இரவு முழுவதும் அறைச்சூட்டில் விட்டுவைப்பதை நான் பரிந்துரைக்கமாட்டேன். மார்கழியில் ஒருவேளை தப்பிக்கலாம். சித்திரை வெயிலில் திருப்பூர் மொட்டைமாடி அறைக்குள் இட்லி மாவு எவ்வளவு சீக்கிரம் பொங்குகிறது என்பது உங்களுக்கே தெரியும். ஓட்ஸ் கரைசலும் அதே போலப் புளித்துவிடும். பால் கலந்திருந்தால் பேச்சே இல்லை. காலையில் எழுந்தவுடன் கிண்ணத்தில் ஓட்ஸையும் தண்ணீரையும் ஊற்றி, வெளித்தண்ணீர் அளந்து விட்டு, சுவிட்சை அழுத்திவிட்டுக் குளிக்கப் போனால், திரும்பி வருவதற்குள் தட்டை ஓட்ஸ் வெந்து நின்றிருக்கும். அதற்கு டைமரே வேண்டியதில்லை. ஸ்டீல்கட்தான் வேண்டும் என்றால், இரவுச் சோற்றுக்குப் பிறகு அதை வேகவைத்து, ஆறியதும் தாமதிக்காமல் குளிர்பெட்டியில் வைத்து, காலையில் சிறிது வெந்நீர் சேர்த்து அதே கிண்ண முறையில் கால் கப் வெளித்தண்ணீரில் நன்றாக ஆவி பறக்கச் சூடேற்றிக்கொள்ளுங்கள். குளிர்பெட்டி இல்லாத அறை என்றால் தட்டை ஓட்ஸோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லது.

நொய்யல்கரை:

அறையில் குளிர்பெட்டி இல்லை ஐயா; ஆகவே வேலை நாள்களில் தட்டை ஓட்ஸ்தான். பொத்தானை அழுத்திப் பார்த்தேன். நீங்கள் சொன்னதுபோல ஓர் ஓரத்தில் பழுப்பாகக் காய்ந்த செதில்கள் ஒட்டிக்கொண்டிருந்தன, துடைத்து எடுத்துவிட்டேன். காங்கயம் அம்மாவிடம் இன்னும் ஒரு கேள்வி. தாளித்த எண்ணெயில் பெருங்காயமும் சேர்த்தே வைத்துவிடலாமா, அல்லது அது மட்டும் அவ்வப்போது போடவேண்டுமா?

காங்கயம் அம்மா:

சேர்த்தே வைக்கலாம் தம்பி. கட்டிப் பெருங்காயமாக இருந்தால் எண்ணெயில் முதலில் அதைப் பொரித்து, பொடித்துப் போடச் சொல்லுங்கள். தூள் என்றால் அடுப்பை அணைத்த பிறகு கடைசியாகத் தூவவேண்டும், இல்லையென்றால் கருகிக் கசக்கும்.